மாங்காய்ப் பூட்டும் மூடிக்கொண்ட பவளங்களும்

1. திங்கள்: தொட்டியில் லெதர் கோரல் என்ற பவளம் விரியவில்லை. விட்டுவிட்டேன்.

2. செவ்வாய்: இன்றும் விரியவில்லை. கவனிக்க ஆரம்பித்தேன்.

3. புதன்: பக்கத்துப் பவளம் செனியா கை அசைப்பதை நிறுத்தியது.

4. வியாழன்: நான்கு நத்தைகளில் ஒன்று கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்து மல்லாந்து கிடந்தது.

5. வெள்ளி: இரண்டாவது நத்தை.

6. சனி: அத்தை, அதாவது என் மாமியார், தொட்டியின் முன்னால் வந்து நின்றார். பார்த்தார். தையல் மெஷின் டிராயரிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்துவந்து, தொட்டி இருக்கும் இடத்தை நீளவாக்கில் அளந்தார்.

என்னைப் பயமுறுத்தியது ஆறாவதுதான்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பட்டியல் வியாதி தெரியும். தொட்டியையும் தெரியும். புதிதாக வருபவர்களுக்காக ஒரே ஒரு பாரா.

எனக்குச் சீராக வந்தவை: பீரோ, கட்டில், கிரைண்டர், மூன்றடி நீளத்துக்கு ஒரு கடல். சென்னையில் வேலை பார்த்த நாட்களில் ஆசைப்பட்டு வைத்த தொட்டி அது. உப்புத் தண்ணீர், இரண்டு கோமாளி மீன்கள், நான்கு நத்தைகள், கொஞ்சம் மென்பவளங்கள். பவளங்கள் வெளிநாட்டுப் பண்ணையில் வளர்த்தவை; நம் கடலில் கை வைப்பது குற்றம், அதைச் செய்யவில்லை. கல்யாணம் முடிந்து எல்லாம் மினி லாரியில் திண்டுக்கல் வந்தபோது, நாகல் நகரில் எங்கள் தெருவே வாசலில் நின்றது. பீரோவை ஒருவரும் பார்க்கவில்லை.

கடலைப் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் பஸ் ஏறி, இறங்கி, இன்னொரு பஸ் ஏற வேண்டும். குழாயில் குடிதண்ணீர் வரும் நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கும் ஊர் இது. அந்த ஊரில், ஒரு வீட்டு ஹாலில், ஒரு கடல்.

மாலை ஆறு மணிக்கு வெள்ளை விளக்கு தானாக அணையும். நீல விளக்கு மட்டும் எரியும். அப்போது எங்கள் ஹாலை நீங்கள் பார்க்க வேண்டும்... கூரையில் அலை. சுவரில் அலை. இருதய ஆண்டவர் படத்தின் மேல் மெல்ல ஏறி இறங்கும் அலை. மாமா ஜெபமாலை சொல்லும் குரல் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல இருக்கும். லெதர் கோரல் குடைக்காளான் மாதிரி நின்று, குடை முழுக்க நூல் நூலாக விரல் நீட்டிக்கொண்டிருக்கும். செனியாவுக்குப் பூப்போலக் கைகள் - மூடும், திறக்கும், மூடும், திறக்கும். பிறந்த குழந்தை தூக்கத்தில் விரல்களை மூடித் திறக்குமே, அதே வேகம். நான் ஸ்பின்னிங் மில்லில் எட்டு மணி நேரம் நூலின் பலத்தை அளந்துவிட்டு வருபவள். வந்து ஐந்து நிமிடம் அதன் முன்னால் உட்கார்ந்தால் போதும், காதுக்குள் ஓடும் மெஷின் நின்றுவிடும்.

அந்தக் கைகள்தான் நின்றுபோயின.

சரி, அத்தை ஏன் டேப் எடுத்தார்?

தொட்டி இருக்கும் மூலையில்தான் அந்த வீட்டில் வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் குடில் வைப்பார்கள். தொட்டி வந்த முதல் வருஷம் குடிலை டிவி மேல் ஒடுக்கி வைத்தார்கள். மூன்று ராஜாக்களில் ஒருவருக்கு இடமில்லாமல் அவர் ஃபிரிட்ஜ் மேல் நின்றார். அத்தை பொறுத்துக்கொண்டார். “உசுரோட அழகா இருக்குது, இருந்துட்டுப் போவுது,” என்றார்.

அந்தச் சனிக்கிழமை டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

“ஏத்தா ஜெசி, டிசம்பர் மொத வாரம் குடில் போடணும். அதுக்குள்ள இது பூத்துச்சுன்னா இருக்கட்டும். பூக்கலைன்னா தொட்டிய எடுத்துருவோம். செத்த கல்லுக்குப் பாலன் யேசு எடம் விடணுமா?”

நியாயமான கேள்வி. என்னிடம் மூன்று வாரம் மட்டும் இருந்தது.

திருப்பூரில் வேலை பார்க்கும் என் கணவர் சனிக்கிழமை தோறும் வருவார். வந்தவரிடம் முறையிட்டேன். தொட்டியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், “மீன் நல்லாத்தான இருக்கு?” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அந்த வாரம் சொல்லப்பட்டதிலேயே உருப்படியான வாக்கியம் அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பட்டியல் போட்டேன். உப்பின் அளவு - சரி. வெப்பம் - சரி. காரத்தன்மை - சரி. நைட்ரேட் - கொஞ்சம். ஆளைக் கொல்லும் அளவு இல்லை. விளக்கின் வயது - ஏழு மாதம். நீரோட்டம் - மாற்றவில்லை. கை கழுவாமல் யாராவது உள்ளே விட்டார்களா - வாய்ப்பே இல்லை, மூடிக்குப் பூட்டு இருக்கிறது. லெதர் கோரல் சில சமயம் மேல்தோலை உரிப்பதற்காக நாலைந்து நாள் சுருங்கிக்கொள்ளும், அதுவோ? அதற்குச் செனியா ஏன் நிற்க வேண்டும், நத்தை ஏன் விழ வேண்டும்?

எல்லா வரிசையிலும் டிக். தொட்டியில் மட்டும் சாவு.

ஞாயிறு, பூசை முடிந்ததும் ப்ரௌசிங் சென்டருக்குப் போனேன். பவளம் வளர்ப்பவர்களின் ஃபோரம் ஒன்று உண்டு. எந்தெந்த நாட்டுக்காரர்களோ கூடிப் பேசும் இடம். என் பட்டியலை அப்படியே போட்டேன். ஒருவர் மூன்றே கேள்வி கேட்டிருந்தார். மீன்கள் நலமா? நத்தைகள் சாகின்றனவா? தண்ணீர் படும் இடத்தில் உலோகம் ஏதாவது இருக்கிறதா?

ஆம். ஆம். இல்லை.

அப்படித்தான் பதில் எழுதினேன். பொய் இல்லை. மனசார எழுதினேன்.

திங்கட்கிழமை முதல் ஷிப்ட். இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். மூன்று மணிக்குக் கரண்ட் போனது. அந்தப் பருவத்தில் தினமும் மூன்று மணிக்குப் போகும், கடிகாரம் தேவையில்லை. பேட்டரி ஏர் பம்பை எடுத்து வைத்துவிட்டு, புழுக்கம் தாங்காமல் ஹால் ஜன்னலைத் திறந்தேன்.

மோட்டார்கள் நின்றால் தொட்டி வேறொன்றாகிவிடும். அலை அடங்கும். தண்ணீர் கண்ணாடித் தகடு போலப் படுத்துவிடும். காலையில் பெய்த மழை விட்டு, வெயில் சாய்வாக வந்து மூடியின் மேல் விழுந்தது. ஊதுபத்திப் புகை போலத் தூசி மிதந்தது. மீன்கள் இரண்டும் அசையாமல், ஏதோ ஞாபகம் வந்தவை போல நின்றன. நானும் நின்றேன்.

அப்போதுதான் பார்த்தேன். மூடியின் நடுவில், பூட்டைச் சுற்றிப் படிந்திருந்த உப்பு வெள்ளையாக இல்லை. பச்சை. கிளிப்பச்சை.

பூட்டின் அடிவயிற்றில் ஒரு சொட்டு தொங்கியது. அதுவும் பச்சை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழன்று, மூடியின் இடுக்கு வழியாக உள்ளே விழுந்தது. அசையாத தண்ணீரில் ஒரு சின்ன வட்டம் விரிந்தது...

இப்போது பூட்டின் கதையைச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்டில் நாத்தனார் மகள் மெர்லின் வந்திருந்தாள். நாலு வயது. மீன்கள் பசியோடு இருப்பதாக அவளாகவே முடிவு செய்து, ஒரு பாக்கெட் பால் பிஸ்கட்டை உள்ளே போட்டுவிட்டாள். தண்ணீர் பால் நிறமானது. மூன்று நாள் வாளியும் ஓஸுமாக நான் அலைந்ததை மாமா பார்த்துக்கொண்டே இருந்தார்.

மாமா பூட்டு செய்பவர். வீட்டின் பின்கட்டில் பட்டறை. பத்து நாள் கழித்துப் பட்டறையிலிருந்து துணியில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தார். மாங்காய் வடிவப் பூட்டு. வழக்கமாக இரும்புத் தகட்டில் செய்வதை எனக்காக முழுக்கப் பித்தளையில் செய்திருந்தார். முகப்பில் அரத்தால் என் முதலெழுத்து - ‘ஜெ’.

“உப்புக் காத்து பட்டா இரும்பு ரெண்டே மாசத்துல துருப்புடிச்சுரும்த்தா. தூத்துக்குடிக்காரங்களுக்கு நான் பித்தளைதான் குடுப்பேன். இது நீ இருக்குற வரைக்கும் இருக்கும்,” என்றார்.

என் தொட்டியின் மூடி இரட்டைக் கதவு போல நடுவில் வந்து சேரும். அந்த நடுவில் பித்தளைக் கொண்டி வைத்து, பூட்டைத் தொங்கவிட்டார். கீழே சரியாக மோட்டார் தண்ணீர் கொப்பளிக்கும் இடம். கொப்பளிப்பின் சாரல் இடுக்கு வழியே மேலே வரும், பூட்டில் படியும், சொட்டும், உள்ளே போகும். ராப்பகலாக.

அதோடு முடியவில்லை. மூடியில் படியும் உப்பைத் தினமும் காலை சுரண்டித் தொட்டிக்குள்ளேயே தள்ளுவது என் வேலை. உப்பின் அளவு குறையக் கூடாதே. காலை ஐந்து மணிக்கு, நீல விளக்கில், தூக்கக் கலக்கத்தோடு. நீல விளக்கில் பச்சை தெரியாது. அவர் செய்த விஷத்தை நான்தான் நாள் தவறாமல் ஊட்டியிருக்கிறேன்.

பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு. செம்பு மீனைச் சும்மா விட்டுவிடும். நத்தையையும் பவளத்தையும் விடாது. படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதச் சொன்னால் இரண்டு பக்கம் எழுதுவேன். ‘உலோகம் இருக்கிறதா’ என்று கேட்டபோது மட்டும் ஏன் ‘இல்லை’ என்றேன்?

திண்டுக்கல்லில் பூட்டு உலோகம் இல்லை. பூட்டு பூட்டுதான். வாசலில், பீரோவில், அரிசி டிரம்மில், சைக்கிள் கேரியரில் வைத்த டிபன் பாக்ஸில்கூடத் தொங்கும். எங்கள் கண் அதன் மேல் நிற்பதே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பிரியமாகச் செய்து கொடுத்ததைச் சந்தேகப் பட்டியலில் சேர்க்க யாருக்குத்தான் கை வரும்?

காரணம் கிடைத்துவிட்டது. பூட்டைக் கழற்ற அரை நிமிடம் போதும். ஆனால் மாமாவிடம் எப்படிச் சொல்வது?

மறுபடி பட்டியல். (அ) சொல்லாமல் கழற்றிவிடலாம். முடியாது - தினமும் மாலை ஜெபமாலை முடிந்ததும் மாமா எழுந்துபோய் வாசல் பூட்டு, பட்டறைப் பூட்டு, தொட்டிப் பூட்டு, மூன்றையும் ஒரு தரம் இழுத்துப் பார்ப்பார். பூட்டினால் இழுத்துப் பார்க்க வேண்டும். அது அவர் தொழிலின் கடைசி வேலை. (ஆ) சாவி தொலைந்துவிட்டது எனலாம். முடியாது - பத்து நிமிடத்தில் வேறு சாவி செய்துவிடுவார். (இ) கணவரைச் சொல்லவைக்கலாம். அவர் குளிக்கப் போய்விடுவார். (ஈ) சொல்வது.

வெள்ளைச் சாசர் ஒன்றில் அந்தப் பச்சை உப்பைச் சுரண்டி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மாமா ஒரு சாவியை வைஸில் இறுக்கி அரம் போட்டுக்கொண்டிருந்தார்.

“மாமா, செத்த நேரம் இதப் பாருங்களேன்.”

வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். விரலால் தொட்டுத் தேய்த்தார்.

“என்னத்தா இது? பாசியா?”

“பூட்டுல இருந்து வந்துச்சு மாமா.”

“எந்தப் பூட்டு?”

நான் ஹால் பக்கம் கை காட்டினேன். அவர் சாசரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்துவிட்டது என்று தெரிந்தது. அரத்தைக் கீழே வைத்தார். சாசரில் இருந்ததை மறுபடி தொட்டார்.

“நம்ம பூட்டா?”

“ஆமா மாமா. தண்ணி பட்டுப் பட்டு... உள்ள எறங்கியிருக்கு. மீன ஒண்ணும் செய்யாது. பவளத்துக்கும் நத்தைக்கும் ஆகாது. நானும் பாக்காம சொரண்டி உள்ளயே போட்டுட்டேன்.”

அவர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். துடைப்பதற்கு ஒன்றுமில்லை. நாற்பது வருஷமாகப் பூட்டு செய்பவர். தன் பூட்டைப் பற்றி இப்படி ஒரு புகாரை அவர் கேட்டிருக்க மாட்டார். நான் தரையைப் பார்த்தேன். தரை முழுக்கப் பித்தளைத் தூள். வெயிலில் மின்னியது.

அடுப்படி வாசலில் முறத்தோடு நின்ற அத்தைதான் பேசினார்.

“இங்க கொண்டா, பாப்போம்.” வந்து எட்டிப் பார்த்தார். “களிம்புல்ல இது?”

“களிம்பா?” என்றார் மாமா.

“பின்ன என்ன. ஈயம் பூசாத பித்தளச் சட்டியில புளிக்கொழம்பு வெப்பாகளா? கல்யாணமான புதுசுல ஒங்க அம்மா எனக்கு மொதமொத சொன்னதே இதுதான். உப்பும் புளியும் பட்டா களிம்பு ஏறும், தின்னா வாந்தி எடுக்கும்னு. அந்தப் பூவு மட்டும் வாந்தி எடுக்காம என்ன செய்யும்?”

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா என்னைப் பார்த்தார். ஒருத்திக்குக் கெமிஸ்ட்ரி தெரியும். ஒருவருக்குப் பித்தளை தெரியும். களிம்பு என்ற வார்த்தை எங்கள் இரண்டு பேருக்கும் வரவில்லை.

“இம்புட்டுத் தெரிஞ்சவ, நான் பூட்டு போடையில வாயத் தொறக்க வேண்டியதுதான?” என்றார் மாமா.

“நீங்க பித்தளையில சட்டி செஞ்சிருந்தா சொல்லியிருப்பேன். பூட்டு செஞ்சா நான் எதுக்கு வாரேன்? எனக்கு ஒரு பூட்டாச்சும் பித்தளையில செஞ்சு குடுத்திருக்கீகளா? பேரு வேற பொறிச்சு.”

மாமா சிரித்துவிட்டார். பெரிய சிரிப்பில்லை. ஆனால் போதும். எழுந்து ஹாலுக்கு நடந்தார். நானும் போனேன். சாவி என்னிடம் இருந்தது, அவர் கேட்கவில்லை. பாக்கெட்டிலிருந்து மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து உள்ளே விட்டு ஒரு திருகு திருகினார். பூட்டு திறந்துகொண்டது. கொண்டியையும் ஸ்க்ரூ கழற்றி எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அடிப்பக்கம் முழுக்கப் பச்சை. ‘ஜெ’ மட்டும் பளபளவென்று இருந்தது.

“நாப்பது வருசமா இது திருடனத்தான் நிறுத்தும்னு நெனச்சேன்,” என்றார். “பூவையும் நிறுத்தும் போல.”

“தப்பு என்னோடதுதான் மாமா.”

“ஆளுக்குப் பாதி வெச்சுக்குவோம்,” என்றார்.

அதன் பிறகு நடந்தது வெறும் வேலை. ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ் செய்ய வரும் தம்பியிடம் தேங்காய்ச் சிரட்டைக் கரி இரண்டு கிலோ கேட்டு வாங்கினேன். கழுவி, பழைய நைலான் சாக்ஸில் கட்டி, ஃபில்டருக்குள் வைத்தேன். தண்ணீரில் இருக்கும் செம்பை அது கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளும். இரண்டு நாளுக்கு ஒரு தரம் கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புது உப்புத் தண்ணீர் கலந்து ஊற்றினேன். வாளி தூக்கியவர் மாமா. பட்டறையை மூன்று மணிக்கே மூடிவிட்டு வந்து நிற்பார். “எத்தன வாளித்தா இன்னைக்கு?” அவ்வளவுதான் பேச்சு. ஒவ்வொரு வாளி ஊற்றியதும் குனிந்து, கண்ணாடியில் மூக்கு ஒட்டுகிற மாதிரி, கொஞ்ச நேரம் பார்ப்பார். அந்தப் பவளத்தின் பெயர்கூட அவருக்கு வாயில் வராது. “சேனியம்மா என்னாங்குறா?” என்பார்.

ஃபோரம்காரருக்கும் திருத்தம் எழுதினேன். உலோகம் இருந்தது, கவனிக்கவில்லை, மன்னிக்கவும் என்று. தண்ணீர்த் தொட்டிக்கு யாராவது பூட்டு போடுவார்களா என்று ஆச்சரியப்பட்டுப் பதில் போட்டிருந்தார். எங்கள் ஊரை அவருக்கு எப்படி விளக்குவது? விட்டுவிட்டேன்.

உங்கள் வீட்டில் ஏதாவது ஒன்று காரணமே இல்லாமல் வாடிக்கொண்டிருந்தால் - செடியோ, மீனோ, மனிதரோ - பட்டியல் போடுங்கள். போட்டு முடித்ததும், அதைக் காப்பாற்றுவதற்காக நீங்கள் என்னவெல்லாம் செய்திருக்கிறீர்கள் என்பதையும் கடைசியில் ஒரு வரிசை சேர்த்துக்கொள்ளுங்கள். என் பட்டியலில் அந்த வரிசை இல்லை.

நேற்று டிசம்பர் முதல் ஞாயிறு. காலை பூசை முடிந்து வந்ததும் அத்தை குடில் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னார். வைக்கோலைப் பிரித்தார். சொரூபங்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். தொட்டிக்கு முன்னால் வந்து நின்றார். டேப் கையில் இல்லை.

லெதர் கோரல் விரித்திருந்த விரல்களை எண்ணுவது போல உற்றுப் பார்த்தார்.

“முழுசாப் பூக்கலையே.”

“இல்லத்தே. முக்கால்வாசிதான்.”

செனியாவின் ஒரு கொத்து அப்போது மெல்ல மூடியது. திறந்தது. நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். மறுபடி மூடியது. அத்தையின் கையிலிருந்த துணிக்குள் பாலன் யேசுவின் கால் மட்டும் வெளியே தெரிந்தது.

“சரி... டிவிய உள் ரூமுக்குத் தள்ளச் சொல்லு,” என்றார். “மூணாவது ராஜா இந்த வருசமும் ஃபிரிட்ஜ் மேல நின்னா நல்லாருக்காது.”

இன்றைய நிலவரம் இது. நத்தைகளில் இரண்டு இருக்கின்றன. செனியாவில் ஒரு கொத்து போய்விட்டது, ஒன்று கை அசைக்கிறது. தொட்டியின் நீல வெளிச்சம் குடிலின் வைக்கோல் மேல் விழுகிறது. மூன்று ராஜாக்களும் அலைக்குள் நடந்து வருவது போல இருக்கிறது. பித்தளைப் பூட்டைப் புளி போட்டு விளக்கி, அத்தை தன் பலகாரத் தூக்குக்குப் போட்டுக்கொண்டார். மூடிக்கு இப்போது பூட்டு இல்லை.

மாமா மட்டும் ஜெபமாலை முடிந்ததும் எழுந்து வந்து, பூட்டு இருந்த அந்த இடத்தை ஒரு தரம் தொட்டு இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்.